பூட்டிக் கெடக்குற வீட்டுல ஓடுற ராஸ்பெரி பைக்கு பேட்டரி பேக்கப்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் இருக்கறது காரைக்குடியில. தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் சொந்தக்காரங்க வீடு நாலுல ராஸ்பெரி பைன்னு ஒரு கையளவு கம்ப்யூட்டர் போர்டை (சுருக்கமா பைன்னு சொல்லுவோம்) வச்சுக் குடுத்து பாத்துக்கிட்டு இருக்கேன். வீட்டுக்காரங்க எல்லாம் சென்னை, சிங்கப்பூர்னு இருக்காக, வருசத்துக்கு ஒரு தடவ ரெண்டு தடவதான் வர்றாக, அதனால கதவு தெறந்தா மெசேஜ், மழைக்கு மச்சுல ஒழுகுனா மெசேஜ், மோட்டார் ஓடுச்சா இல்லையான்னு ஒரு கணக்கு, இதெல்லாம் அந்த சின்ன போர்டுதான் பாக்குது. கரண்ட்டு போறப்ப அது என்ன ஆகுது, பேட்டரி எப்படி சேக்கறதுன்னு போன்ல ஆளாளுக்கு கேட்டுக்கிட்டே இருக்காங்க, எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டா நல்லதுன்னு எழுதறேன்.

கரண்ட்டு போனா போகுது, வந்தா தானா ஆன் ஆயிரும்ல? பேட்டரி எதுக்கு?

பத்துல ஒம்போது தடவ ஆயிரும், உண்மைதான். அந்த பத்தாவது தடவதான் பிரச்சன. பையில ஹார்டு டிஸ்க் கெடையாது, எல்லாம் மெமரி கார்டுலதான் ஓடுது. கார்டுல ஏதோ எழுதிக்கிட்டு இருக்கறப்ப சட்டுனு கரண்ட்டு போச்சுன்னா அந்த ஃபைல் மட்டும் பாதியில நிக்கறது இல்ல, கார்டுக்குள்ள இருக்கற கண்ட்ரோலர் சிப் ஒரு பெரிய பிளாக்கை அழிச்சு வேற எடத்துல மாத்தி எழுதிக்கிட்டு இருந்திருக்கும், அதுவும் பாதியில நின்னுரும், அப்ப நம்ம தொடாத ஃபைல் கூட சேந்து போயிரும். பையில ஓடற லினக்ஸ்ல ஜர்னல்னு, எழுதப் போறத முன்கூட்டியே குறிச்சு வைக்கற ஏற்பாடு இருக்கு, அது பாத்துக்கும்னு சொல்றவங்க உண்டு, ஆனா ஜர்னல் பாக்கறது ஃபைல் சிஸ்டம் கணக்கை மட்டுந்தான், கார்டுக்குள்ள நடக்கறது அதுக்கு தெரியாது.

உங்க மேசை மேல இருக்கற பைன்னா கார்டை எடுத்து திரும்ப எழுதிக்கலாம். பூட்டுன வீட்டுல இருக்கற பைக்கு அப்படி ஆச்சுன்னா யாரு போயி தெறக்கறது? சாவி ஒருத்தர்கிட்ட இருக்கும், அவரு ஊர்ல இருக்க மாட்டாரு, ரெண்டு வாரம் போயிரும், அந்த ரெண்டு வாரத்துலதான் மழை பெய்யும்.

அதனால நான் எல்லாருக்கும் மொதல்ல சொல்றது ஒண்ணுதான். பேட்டரி வைக்கறது பையை நாள் முழுக்க ஓட்டறதுக்காக இல்ல, கரண்ட்டு போனா ஒழுங்கா படுக்கணும் (அதாவது முறையா ஷட்டவுன் ஆகணும்), வந்தா யாரும் தொடாம ஒழுங்கா எந்திரிக்கணும். இத மனசுல வச்சுக்கிட்டு பொருள் வாங்குனா செலவு பாதி கொறையும்.

எங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கே, அது போதாதா?

ஆளு இருக்கற வீடுன்னா அனேகமா போதும், ஆனா ஒண்ணு பாக்கணும். இன்வெர்ட்டர் பின்னாடி யுபிஎஸ், நார்மல்னு ஒரு சுவிட்ச் இருக்கும் (சிலதுல நார்மலுக்கு பதிலா எக்கோன்னு போட்டிருக்கும்). யுபிஎஸ்ல வச்சா கரண்ட்டு போன உடனே 10 மில்லிசெகண்ட் கிட்ட மாறிரும், பையோட அடாப்டருக்குள்ள இருக்கற கெப்பாசிட்டர் அந்த இடைவெளிய தாங்கிரும். நார்மல்ல வச்சா இன்னும் லேட்டா மாறும், ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது, பை ரீஸ்டார்ட் ஆயிரும், கார்டுக்கு அதே அடிதான். அதே சமயம் யுபிஎஸ்ல வச்சா வோல்டேஜ் 180-க்கு கீழ எறங்குனாலே பேட்டரிக்கு மாறிரும், கோடையில சாயங்காலம் லோ வோல்டேஜ் அடிக்கிற தெருவுல இருக்கறவங்களுக்கு இன்வெர்ட்டர் பேட்டரி சீக்கிரம் எறங்கும், அதையும் கணக்குல வச்சுக்கணும்.

பூட்டுன வீட்டுல இன்வெர்ட்டரை ஓட விட்டுட்டு போகாதீங்க. டியூபுலர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊத்த ஆளு வேணும், தண்ணி வத்திப்போன பேட்டரி சார்ஜ்லயே கெடந்து சூடாகும்.

பவர் பேங்க்கை நடுவுல மாட்டிட்டா? சார்ஜ் ஆகிக்கிட்டே பைக்கும் குடுக்கும்ல?

இதத்தான் அதிகம் பேரு கேக்கறாங்க. நெறைய பவர் பேங்க் சார்ஜ் ஏறறப்ப வெளிய குடுக்காது. குடுக்கறதுலயும் சுவத்துக் கரண்ட்டுல இருந்து பேட்டரிக்கு மாறறப்ப அரை செகண்ட் அவுட்புட் கட் ஆகும், போனுக்கு அது ஒண்ணுமே இல்ல, பைக்கு அதுதான் உசுரு. இன்னொண்ணு, பை ஜீரோ மாதிரி ரொம்ப கம்மியா இழுக்கற போர்டை மாட்டுனா பவர் பேங்க் எதுவும் மாட்டல போலன்னு நெனச்சு தானா ஆஃப் ஆயிரும். உங்ககிட்ட இருக்கறது சரியா வருமான்னு பாக்க பையை ஓட விட்டு சுவத்து பிளக்கை 20 தடவ புடுங்கி மாட்டிப் பாருங்க, ஒரு தடவ கூட ரீஸ்டார்ட் ஆகலைன்னா மேசைக்கு வச்சுக்கலாம். பூட்டுன வீட்டுக்கு நான் வைக்க மாட்டேன், வருசம் முழுக்க ஃபுல் சார்ஜ்ல கெடக்கறதுக்காக செஞ்ச பொருள் இல்ல அது.

எத்தனை எம்ஏஹெச் வாங்கணும்? கணக்கு எப்படி?

எம்ஏஹெச்ச விடுங்க, வாட் ஹவர்ல கணக்கு போடுங்க. 3000 எம்ஏஹெச் லித்தியம் செல் ஒண்ணுன்னா 3 ஆம்ப் ஹவர் பெருக்கல் 3.7 வோல்ட், 11.1 வாட் ஹவர். அதை 5 வோல்ட்டா தூக்கிக் குடுக்கறதுல ஒரு 15 சதவீதம் சூடா போயிரும், கையில நிக்கறது 9.4. பை 4 சும்மா ஓடிக்கிட்டு இருந்தா 3 வாட், கொஞ்சம் வேல செஞ்சா 4 வாட், முழு வேலையில 6, 7 கூட போகும். அப்ப 4 வாட்டுக்கு ஒரு செல் 2 மணி 20 நிமிசம் கிட்ட ஓட்டும், ரெண்டு செல்லுன்னா நாலரை மணி.

இப்ப நம்ம ஊரு கணக்குக்கு வாங்க. திடீர்னு போற கரண்ட்டு அஞ்சு நிமிசத்துல இருந்து ஒரு மணி நேரம். மாசாந்திர பராமரிப்புன்னு ஈபி காலையில 9 மணிக்கு நிறுத்துனா சாயங்காலம்தான் வரும், 8 மணி நேரம்னு வச்சுக்கங்க. இந்த 8 மணி நேரமும் பை 4 ஓடியே ஆகணும்னா 32 வாட் ஹவர், இழப்பும் சேத்தா நாலு நல்ல செல். அதே வேலைய பை ஜீரோ 2 டபிள்யூ செஞ்சா ஒரு வாட்டு அளவுதான் இழுக்கும், 8 வாட் ஹவர், ஒரு நல்ல செல்லே போதும். கதவு சென்சார், ஒழுகல் சென்சார், மெசேஜ் அனுப்பறது, இதுக்கெல்லாம் பை 4 எதுக்கு? பேட்டரியப் பெருசாக்கறதுக்கு முன்னாடி போர்டைச் சின்னதாக்க முடியுமான்னு பாருங்க, நான் நாலு வீட்டுல ரெண்டுல இப்படித்தான் மாத்துனேன்.

எந்த வகை பேட்டரி? லித்தியமா, லெட் ஆசிடா?

மூணு வழி இருக்கு. சாதாரண லித்தியம் அயான், அதாவது லேப்டாப்புக்குள்ள இருக்கற 18650 செல், 18 மில்லிமீட்டர் தடிமன் 65 மில்லிமீட்டர் நீளம், அதனாலதான் அந்தப் பேரு. சின்ன எடத்துல நெறைய புடிக்கும், ரெடிமேட் போர்டு எல்லாமே இதுக்குத்தான் வருது. ஆனா சூடும் இதுக்கு ஆகாது, 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணக்கூடாது, 4.2 வோல்ட்டுல ஃபுல்லா வச்சுக்கிட்டே இருந்தா சீக்கிரம் தேயும்.

ரெண்டாவது லித்தியம் அயன் பாஸ்பேட் (இங்க அயன்னா இரும்பு). செல்லுக்கு 3.2 வோல்ட், ஃபுல் சார்ஜ் 3.65. நாலு செல் சேத்தா 12.8 வோல்ட், பழைய 12 வோல்ட் பேட்டரி எடத்துல அப்படியே உக்காரும். எடை, அளவு கொஞ்சம் கூடுதல், ஆனா சூட்டத் தாங்கும், தீப்புடிக்கற ஆபத்து ரொம்பக் கம்மி, ரெண்டாயிரம் தடவைக்கு மேல சார்ஜ் ஏத்தி எறக்கலாம். மே மாசம் 40 டிகிரி அடிக்கிற நம்ம ஊருக்கு, ஆளில்லாத வீட்டுக்கு, பர்மா தேக்குல தூணும் கதவும் நிக்கற வீட்டுக்கு, நான் இதத்தான் வைப்பேன். காசு கூடப் போகும், போகட்டும்.

மூணாவது 12 வோல்ட் 7 ஆம்ப் ஹவர் சீல்டு லெட் ஆசிட், யுபிஎஸ் பெட்டிக்குள்ள இருக்கறது. எந்தக் கடையிலயும் கெடைக்கும், சார்ஜர் லேசு, 13.5ல இருந்து 13.8 வோல்ட்டுல நெலையா வச்சா போதும். 84 வாட் ஹவர்னு எழுதியிருந்தாலும் பாதிதான் எடுக்கணும், அதுக்கு மேல எறக்குனா ஆயுசு போயிரும். 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுசு பாதியாகும்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, நம்ம வெயில்ல அது பொய் இல்ல.

பேட்டரி பத்திப் பேசறப்ப எனக்கு ஒரு பெருமை உண்டு. நம்ம காரைக்குடியிலேயே சிக்ரி இருக்கு, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து, 1948-ல நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல தெறந்தது. பேட்டரியப் படிக்கறதுக்குன்னே ஆளுக இருக்கற ஊர்ல உக்காந்துக்கிட்டு டூப்ளிகேட் செல் வாங்கி வீட்டுல வைக்கக்கூடாதுங்கறதுதான் என் ஆதங்கம்.

ஆன்லைன்ல 9800 எம்ஏஹெச் செல் 150 ரூபாய்க்கு கெடைக்குதே?

வாங்காதீங்க. 18650 அளவுல நல்ல கம்பெனி செல்லே 3500 கிட்டதான் நிக்குது. 9800-ன்னு எழுதுன செல்லை ஒரு தடவ நானும் வாங்கி அளந்து பாத்தேன், ஆயிரத்தைத் தொடவே இல்ல. எடை போட்டுப் பாத்தாலே தெரியும், நல்ல செல் 45 கிராமுக்கு மேல இருக்கும். ரெண்டு செல் சேத்துப் போடறதுன்னா ஒரே மாடல், ஒரே சமயத்துல வாங்குனது, ஒரே வோல்டேஜ்ல இருக்கறது, இப்படித்தான் போடணும். பழைய லேப்டாப் பேட்டரியப் பிரிச்சு எடுத்த செல்லை ஆளில்லாத வீட்டுல வைக்கவே வேணாம்.

30 ரூபாய் சார்ஜர் போர்டும், வோல்டேஜை 5-க்குத் தூக்கற ஒரு பூஸ்ட் போர்டும் வச்சு நானே செய்யலாமா?

டிபி4056 சிப் இருக்கற அந்த சின்ன போர்டைத்தான் கேக்கறீங்க. செல்லை சார்ஜ் பண்ண நல்ல சிப்தான், ஒரு ஆம்ப் குடுக்கும். பிரச்சன என்னன்னா, சார்ஜ் கரண்ட்டு பத்துல ஒரு பங்கா கொறைஞ்சதும் செல் ஃபுல்லுன்னு அது முடிவு பண்ணும். நீங்க அதே செல்லுல இருந்து பைக்கும் இழுத்துக்கிட்டு இருந்தா அந்த கரண்ட்டு கொறையவே கொறையாது, அதுக்கு எப்பவும் செல் ஃபுல் ஆகாத மாதிரியே தெரியும், செல்லு வருசக்கணக்கா 4.2-லயே நிக்கும். அதுபோக பை 4 கேக்கறத அந்த ஒரு ஆம்ப்பால ஈடு கட்ட முடியாது, வேல கூடுற நேரத்துல சுவத்துல கரண்ட்டு இருக்கறப்பவே பேட்டரி எறங்கும். கரண்ட்டு இருக்கறப்ப பைக்கு நேரா போகணும், பேட்டரிக்கு தனியா போகணும், அப்படி வழி பிரிக்கற சிப் இருக்கற போர்டா பாத்து வாங்குங்க, கடையில லோடு ஷேரிங், பவர் பாத்னு சொல்லிக் கேளுங்க.

12 வோல்ட் பேட்டரின்னா 5 வோல்ட்டுக்கு எறக்க பக் கன்வெர்ட்டர் வேணும். எல்எம்2596 போர்டுல ஒரு திருகாணி இருக்கும், அதை மல்ட்டிமீட்டர் வச்சு 5.1-க்கு திருப்பிட்டு அப்பறம்தான் பையை மாட்டணும். அளக்காம மாட்டி ஒரு பை 3 என் கண்ணு முன்னாடியே போச்சு, அன்னையில இருந்து திருகாணி இல்லாத, 5 வோல்ட் 5 ஆம்ப்னு நெலையா குடுக்கற கன்வெர்ட்டர்தான் வாங்கறேன். பேட்டரி பிளஸ் முனைக்குப் பக்கத்துலயே ஒரு 3 ஆம்ப் ஃபியூஸ் போடுங்க, இது கட்டாயம்.

ரெடிமேடா பை மேல மாட்டுற யுபிஎஸ் ஹேட் வாங்கலாமா?

தாராளமா. வேவ்ஷேர், கீக்வார்ம், பைஜூஸ் (PiJuice) அப்படின்னு நெறைய இருக்கு, பெரும்பாலும் 18650 செல் போடற மாதிரி, பைஜூஸ் மட்டும் தட்டையான பேட்டரியோட வரும். வாங்கறப்ப மூணு கேள்வி கேளுங்க. கரண்ட்டு போனத பைக்குச் சொல்லுமா? பை படுத்தப்பறம் 5 வோல்ட்ட கட் பண்ணுமா? கரண்ட்டு வந்தா தானா ஆன் பண்ணுமா? மூணுக்கும் ஆமான்னா வாங்குங்க. பை 5-க்கு வாங்கறவங்க ஆம்ப்பையும் பாக்கணும், அதோட சொந்த அடாப்டரே 5 வோல்ட் 5 ஆம்ப். 3 ஆம்ப்லயும் ஓடும், ஆனா யுஎஸ்பி போர்ட்டு எல்லாத்துக்கும் சேத்து 600 மில்லிஆம்ப்தான் குடுப்பேன்னு சுருக்கிக்கும்.

கரண்ட்டு போனது பைக்கு எப்படித் தெரியும்?

ஹேட் இருந்தா ஐ2சி (சிப்புங்க ரெண்டு வயர்ல பேசிக்கற முறை) வழியா பேட்டரி வோல்டேஜைச் சொல்லும், இல்லன்னா ஒரு பின்னுல சிக்னல் குடுக்கும். நீங்களே செய்யறதுன்னா ஒரு பழைய மொபைல் சார்ஜரை அதே சுவத்து பிளக்குல மாட்டி அதோட 5 வோல்ட்ட ஒரு பின்னுக்கு கொண்டுவந்தா போதும். நேரா குடுத்துறாதீங்க, பையோட பின்னு எல்லாம் 3.3 வோல்ட்தான் தாங்கும். 10 கே, 20 கே ரெண்டு ரெசிஸ்டர் போட்டுப் பிரிச்சா 3.3 வரும். இன்னும் நல்லது பிசி817 ஆப்டோகப்ளர், வெளிச்சத்தால சிக்னல் கடத்தற சின்ன சிப், அதுல ரெண்டு பக்கமும் வயர் தொடர்பே இல்ல, இடி மின்னல் நேரத்துல அந்த சார்ஜர் போனாலும் பை தப்பிக்கும்.

இத கவனிக்க பையில ஓடற சின்ன புரோகிராம்ல, அதாவது ஸ்கிரிப்ட்ல, சிக்னல் போன உடனே பையை படுக்க வைக்காதீங்க. நம்ம பக்கம் கரண்ட்டு கண்ணச் சிமிட்டிட்டு வர்றது ஒரு நாளைக்கு நாலு தடவ நடக்கும். ரெண்டு நிமிசம் பொறுங்க, அப்பவும் வரலைன்னா "கரண்ட்டு இல்ல"ன்னு மெசேஜ் அனுப்புங்க, செல்லு 3.4 வோல்ட்டுக்கு எறங்குனதும் ஷட்டவுன் பண்ணுங்க. பாஸ்பேட் பேட்டரின்னா வோல்டேஜை நம்பாதீங்க, கடைசி வரைக்கும் ஒரே மாதிரி நின்னுட்டு திடீர்னு விழும், அதுக்கு நேரக் கணக்குதான் சரி.

கரண்ட்டு வந்துருச்சு, பேட்டரியும் சார்ஜ் ஆயிருச்சு, பை மட்டும் எந்திரிக்கவே இல்ல. ஏன்?

எனக்கு வர்ற போன்ல பாதி இதுதான், நானும் இதுல மூணு மாசம் மண்டைய ஒடச்சிருக்கேன்.

என்ன நடக்குதுன்னா, காலையில ஈபி நிறுத்துனாங்க, மத்தியானம் பேட்டரி கொறைஞ்சு ஸ்கிரிப்ட் பையை படுக்க வச்சிருச்சு. பை படுத்தாலும் பேட்டரி போர்டு 5 வோல்ட்ட விடாம குடுத்துக்கிட்டே இருக்கு. சாயங்காலம் கரண்ட்டு வருது, பேட்டரிக்கு சார்ஜ் ஏறுது. ஆனா பையப் பொறுத்தவரைக்கும் 5 வோல்ட் போகவே இல்ல, அப்பறம் எப்படி வந்தது தெரியும்? 5 வோல்ட் சுத்தமா போயி திரும்ப வந்தாத்தான் பை தானா பூட் ஆகும். பேட்டரி நல்லா இருக்கற வரைக்கும் அது நடக்காது. பேட்டரி இல்லாத பை கூட எந்திரிச்சிருக்கும், பேட்டரி வச்ச பை படுத்துக் கெடக்கும், இத மொத தடவ பாத்தப்ப எனக்கு அவ்வளவு வருத்தம்.

சரி பண்ண வழி, பை படுத்து முடிச்சதும் யாராவது 5 வோல்ட்ட கட் பண்ணணும். பை செட்டிங்ஸ்ல ஜிபிஐஓ பவர் ஆஃப் (gpio-poweroff) அப்படின்னு சேத்துக்கற ஒரு செட்டிங் (ஓவர்லே) இருக்கு, அதப் போட்டா முழுசா படுத்தப்பறம் ஒரு பின்னுல சிக்னல் குடுக்கும், அந்த சிக்னலைப் புடிச்சு ஹேட்டோ இல்ல நீங்க சுவிட்ச் மாதிரி வச்ச மாஸ்ஃபெட்டோ கட் பண்ணிரும். கரண்ட்டு வந்ததும் திரும்ப குடுக்கும், பை புதுசா பூட் ஆகும்.

இதுலயும் ஒரு சந்து இருக்கு. ஷட்டவுன் ஆரம்பிச்சு பாதியில இருக்கறப்ப, அந்த 15 செகண்டுக்குள்ள கரண்ட்டு வந்துருச்சுன்னா? கரண்ட்டு இருக்குன்னு போர்டு 5 வோல்ட்ட கட் பண்ணாம விட்டுட்டா பை படுத்தே கெடக்கும். அதனால நல்ல போர்டு என்ன செய்யும்னா, ஷட்டவுன்னு ஒரு தடவ முடிவாச்சுன்னா கரண்ட்டு வந்தாலும் சரி வரலைன்னாலும் சரி, கட் பண்ணி அஞ்சு செகண்ட் விட்டுத்தான் திரும்ப குடுக்கும். வாங்குன உடனே இத சோதிச்சுப் பாருங்க, ஷட்டவுன் ஓடறப்ப பிளக்கை மாட்டிப் பாருங்க.

பை 5 வச்சிருக்கறவங்களுக்கு இன்னொரு வழி உண்டு. அதுல கடிகார சிப் போர்டுலயே இருக்கு, குறிச்ச நேரத்துக்கு எழுப்பும். பூட்லோடர் செட்டிங்ஸ்ல படுத்தா முழுசா பவர் ஆஃப் ஆகற மாதிரி மாத்திட்டா (இல்லன்னா படுத்தப்பறமும் ஒரு வாட்டுக்கு மேல இழுத்துக்கிட்டு இருக்கும்) ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சு, கரண்ட்டு இருக்கான்னு பாத்து, இல்லன்னா திரும்ப அலாரம் வச்சுட்டுப் படுத்துரும். கட் பண்ற சர்க்யூட்டே தேவையில்ல. பள்ளத்தூர் வீட்டுல இப்படித்தான் ஓடுது.

பேட்டரியே வேணாம், பயமா இருக்கு. வேற வழி?

சூப்பர் கெப்பாசிட்டர். பயப்படறவங்களுக்கு நான் மனசாரச் சொல்றது இதத்தான். ஒழுங்கா படுத்தா போதும்னு மொதல்லயே சொன்னேன்ல, அதுக்கு 30 செகண்ட் போதும், பேட்டரி எதுக்கு? 2.7 வோல்ட் 100 ஃபாரட் ரெண்டை வரிசையா சேத்தா 50 ஃபாரட். 5 வோல்ட்டுல இருந்து 3 வோல்ட் வரைக்கும் எறக்குனா 400 ஜூல், இழப்பு போக 340. 4 வாட் பைக்கு 85 செகண்ட். ரெண்டு நிமிசம் பொறுக்கறது இதுல நடக்காது, பத்து செகண்டுல முடிவெடுக்கணும். தீப்புடிக்கற லித்தியம் எதுவும் இதுல இல்ல, ஆயுசும் நீளம், பூட்டுன வீட்டுக்குத் தோதான பொருள். ரெண்டும் சமமா ஏற பேலன்ஸ் போர்டும், மொதல்ல ஏறறப்ப கரண்ட்டக் கட்டுப்படுத்தவும் ஏற்பாடு வேணும், வெளிய பூஸ்ட் போர்டும் வேணும். இன்னொரு நன்மை, கெப்பாசிட்டர் காலியாகி 5 வோல்ட் தானா போயிரும், மேல சொன்ன எந்திரிக்காத பிரச்சன பெரும்பாலும் வராது.

5 வோல்ட்ட யுஎஸ்பியில குடுக்காம பின்னுல குடுக்கலாமா?

2, 4 நம்பர் பின்னு 5 வோல்ட், 6 கிரவுண்ட். குடுக்கலாம், ஹேட் எல்லாம் அப்படித்தான் குடுக்குது. ஆனா யுஎஸ்பி பக்கம் இருக்கற பாதுகாப்பு அதுல கெடையாது, வோல்டேஜ் ஏறுனா நேரா போர்டுக்கு அடி. ரெண்டு வழியிலயும் ஒரே நேரத்துல குடுக்காதீங்க.

ஸ்கிரீன்ல மின்னல் மாதிரி ஒரு குறி வருதே?

வோல்டேஜ் 4.63-க்கு கீழ எறங்கிருச்சுன்னு அர்த்தம். பத்துல எட்டு தடவ வயர்தான் காரணம், மெலிசான சார்ஜர் வயர்ல வர்ற வழியிலயே அரை வோல்ட் போயிரும். தடிச்ச, குட்டை வயரா மாத்துங்க. ஸ்கிரீன் இல்லாத பையில விசிஜென்சிஎம்டி கமாண்ட்ல கெட் த்ராட்டில்ட்னு (vcgencmd get_throttled) கேட்டா 0 வரணும், வேற எண் வந்தா ஆன் ஆனதுல இருந்து எப்பவோ ஏதோ ஒரு கோளாறு நடந்திருக்கு, அனேகமா வோல்டேஜ்தான், சூட்டுக்கும் வரும்.

கரண்ட்டு வந்தப்பறம் பை தப்பு நேரம் காட்டுது, மெசேஜ்ல தேதியே மாறி வருது.

பை 4 வரைக்கும் போர்டுல கடிகாரம் கெடையாது, இன்டர்நெட்டுல இருந்துதான் நேரம் எடுக்கும். நெட் வர லேட்டானா கடைசியா சேமிச்ச நேரத்துலயே ஓடும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் வாங்கி மாட்டுங்க, வருசத்துக்கு ஒரு நிமிசம் தவறுனா பெருசு. அதுல வர்ற சில மலிவு மாட்யூல்ல பட்டன் பேட்டரிய சார்ஜ் பண்ற சர்க்யூட் ஒண்ணு இருக்கு, நம்ம போடற சிஆர்2032 சார்ஜ் ஆகற ரகம் இல்ல, அதனால அந்த ரெசிஸ்டரை எடுத்துட்டுப் போடுங்க. பை 5-க்கு நேர்மாறு, அதுக்கு சார்ஜ் ஆகற பேட்டரியத் தனியா வாங்கி மாட்டணும்.

பை ஓடுது, ஆனா மெசேஜ் வரல?

ரவுட்டர் செத்துருக்கும். ரவுட்டருக்கும் 6, 7 வாட் வேணும், பையை விட அதுதான் அதிகம் திங்குது. 12 வோல்ட் ரவுட்டர் யுபிஎஸ் சின்னதா கடையிலயே கெடைக்கும். ரெண்டையும் 8 மணி நேரம் ஓட்டணும்னா 88 வாட் ஹவர், 12 வோல்ட் 12 ஆம்ப் ஹவர் பாஸ்பேட் பேட்டரி ஒண்ணு ரெண்டையும் தாங்கும். ஆனா தெருவுல கேபிள்காரங்க பெட்டிக்கு கரண்ட்டு இல்லைன்னா உங்க ரவுட்டர் எரிஞ்சும் பிரயோஜனம் இல்ல. டவருக்கு பேக்கப் இருக்கும், சிம் போடற டாங்கிள் ஒண்ணு வச்சுக்கறது நல்லது.

வீட்டுல எந்த எடத்துல வைக்கறது?

மச்சுல வேணாம், ஓட்டுக்குக் கீழ மத்தியானம் நிக்க முடியாத சூடு. கீழ தடிச்ச சுவரு இருக்கற உள்ரூம்தான் குளிர்ச்சி, பட்டாலையை ஒட்டுன அறைன்னா ரொம்ப நல்லது. பேட்டரிய மரப் பெட்டகத்துக்குள்ளயோ அலமாரிக்குள்ளயோ வைக்கவே கூடாது. சுவத்து மாடக்குழி இருந்தா அதுல வைங்க, இல்லன்னா ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரையில, பக்கத்துல துணி, பேப்பர், பழைய சாமான் இல்லாம. பேட்டரியையும் பையையும் ஒரு சாண் தள்ளி வைங்க, பையோட சூடு பேட்டரிக்கு ஆகாது. மூடி போட்ட பெட்டியில வைங்க, பல்லி போர்டு மேல ஏறி ஷார்ட் ஆன கத ஒண்ணு தேவகோட்டை வீட்டுல நடந்துச்சு. ஐப்பசி மழைக்கு முன்னாடி எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியன வச்சுப் பாத்துருங்க.

ராஸ்பெரி பை இல்ல, வேற போர்டு வச்சிருக்கேன்.

சில போர்டு இதுல நம்மள விட முன்னாடி யோசிச்சு வச்சிருக்கு. ஒலிமெக்ஸோட ஓலினக்ஸினோ போர்டுல லித்தியம் பேட்டரி மாட்ட சாக்கெட்டே இருக்கு, செல்லை மாட்டுனா யுபிஎஸ் ஆயிரும். பீகிள்போன் பிளாக்ல சாக்கெட் இல்ல, சால்டர் பண்ற எடம் இருக்கு, ஆனா பேட்டரியில ஓடறப்ப யுஎஸ்பிக்கு 5 வோல்ட் வராது, டாங்கிள் மாட்டியிருந்தா அது நின்னுரும்.

இதோட கார்டையும் காப்பாத்த ஏதாவது உண்டா?

ராஸ்பி கான்ஃபிக்ல ஓவர்லே ஃபைல் சிஸ்டம்னு இருக்கு, ஆன் பண்ணுனா கார்டுல எதுவும் எழுதாது, எல்லாம் ரேம்லதான். ரீஸ்டார்ட் ஆனா பழையபடி ஆயிரும், அதனால சேமிக்க வேண்டியத வேற பென்டிரைவ்ல எழுதுங்க. பேட்டரியும் இதுவும் சேந்து இருந்தா கார்டு பத்தி நான் கவலையே படறது இல்ல.

படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கற கும்பிடு) ஊருக்கு வர்றோம். வர்றப்ப நாங்க என்ன பாக்கணும்?

ஒரு ஆச்சி கேட்டாக இத, அதுக்காகவே இங்க சேக்கறேன். மொதல்ல பேட்டரியக் கண்ணால பாருங்க. உப்பியிருந்தா, இல்ல இனிப்பா ஒரு மருந்து வாட அடிச்சா, தொடாம மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு எனக்குப் போன் பண்ணுங்க. நல்லா இருந்தா தூசியத் தொடச்சு, வயர் எதையும் எலி கடிச்சிருக்கான்னு பாருங்க. அப்பறம் பிளக்கைப் புடுங்கிட்டு திண்ணையில வந்து உக்காருங்க. ரெண்டு நிமிசத்துல போன்ல "கரண்ட்டு இல்ல"ன்னு மெசேஜ் வரணும். வந்த நேரத்தைக் குறிச்சுக்கங்க. பொங்கல் வச்சு சாப்புட்டு முடிக்கற வரைக்கும் விட்டுருங்க, "படுக்கப் போறேன்"னு ரெண்டாவது மெசேஜ் வரும். போன வருசம் மூணரை மணி நேரத்துல வந்துச்சு, இந்த வருசம் ரெண்டு மணி நேரத்துலயே வந்துச்சுன்னா பேட்டரி மாத்தணும், சொல்லுங்க, வாங்கி வைக்கறேன். பழசைக் குப்பையில போட்டுறாதீங்க, என்கிட்ட குடுங்க. மெசேஜ் வந்து அஞ்சு நிமிசம் கழிச்சு பிளக்கை மாட்டுங்க, பச்ச லைட்டு மினுக்க ஆரம்பிக்கும், "எந்திரிச்சுட்டேன்"னு மூணாவது மெசேஜ் வந்தப்பறம் வீட்டப் பூட்டிக்கிட்டுக் கெளம்புங்க.